34.25 பைசா வாஷரும் எங்கள் கணக்கு மென்பொருளும்: ஆறு வருட அனுபவம்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். 2019 முதல் ஆர்டர், சரக்கு வரவு, பில் பதிவு எல்லாம் ஒரே மென்பொருளில்தான். காஸ்டிங், காப்பர் வயர் போன்ற விலை கூடிய சரக்கில் அது ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. எங்களைப் படுத்தியெடுத்தது வாஷர்தான்.

வாஷர் ஒன்று 34.25 பைசா. 25,000 எடுத்தால் ரூ.8,562.50. ஆனால் நிறுவும்போதே ரேட்டுக்கு இரண்டு தசம இடம்தான் என்று வைத்துவிட்டார்கள். 0.3425 என்று அடித்து என்டர் தட்டினால் கட்டத்தில் 0.34 என்று நிற்கும், ஆர்டர் ரூ.8,500க்கு விழும். பில் வந்ததும், ஆர்டரைவிட ரூ.62.50 அதிகம் என்று பணம் கொடுக்க விடாமல் நிறுத்திவிடும். "சார், கொட்டேஷன்ல முப்பத்திநாலே கால் பைசான்னுதானே போட்டோம்? பேமென்ட் ஏன் இன்னும் வரலை?" என்று சப்ளையர் போன் செய்வார். அவர் கேட்பது நியாயம்தானே.

ஆயிரம் எண்ணத்துக்கு ரூ.342.50 என்று அலகை மாற்றிப் பார்த்தோம். ரேட் சரியாகிவிட்டது. ஆனால் ஸ்டோர்ஸில் 25 என்று போட வேண்டிய இடத்தில் பழக்கத்தில் 25,000 போட்டுவிட்டார்கள். இருப்பு இரண்டரைக் கோடி வாஷர் என்று காட்டியது! அப்புறம்தான் ரேட்டுக்குத் தனியாக நான்கு தசம இடம், தொகைக்கு இரண்டு என்று வைக்கலாம் எனத் தெரிந்தது. மாற்றியபின் நிம்மதி. நிலுவையில் இருந்த பழைய ஆர்டர்கள் மட்டும் 0.34லேயே நின்றன. ஒவ்வொன்றாக ரத்து செய்து புதிதாகப் போட்டோம்.

அடுத்தது வரி. 8,562.50க்கு 9 சதவீதம் சிஜிஎஸ்டி (ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கு) 770.625. சப்ளையர் பில்லில் 770.63. எங்கள் மென்பொருளோ 770.62 போடும். சரிபாதியில் நிற்கும் எண்ணை எல்லா முறையும் மேலேதான் ஏற்றும் என்றில்லை. பக்கத்தில் உள்ள இரட்டைப்படை இலக்கத்துக்குக் கொண்டுபோகும். அதே அளவு வரும் எஸ்ஜிஎஸ்டியும் (மாநில அரசின் பங்கு) சேர்த்தால் 2 பைசா வித்தியாசம். ஆனால் ரவுண்ட் ஆஃப் போட்டபின் இரண்டு பக்கமும் ரூ.10,104தான். பணம் சரியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் ஜிஎஸ்டிஆர்-2பியோடு (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒப்பிடும்போது வரிசையாகச் சிவப்பில் வந்து நிற்கும். சப்ளையர் பில்லில் உள்ள வரியை அப்படியே கையால் பதியும் வசதி இருக்கிறது, இப்போது அதைத்தான் செய்கிறோம். கொள்முதல் பில்லில் அவர் போட்ட எண்தான் ஆதாரம். அதை நம் மென்பொருள் திரும்பக் கணக்குப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிஜிஎஸ்டி சட்டம் 170ஆம் பிரிவு வரியை முழு ரூபாயாக்கச் சொல்கிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம். அந்த வேலையை ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார்.

புதிதாக வாங்குபவர்கள் டெமோவில் 0.3425 ரேட்டில் ஓர் ஆர்டர் போட்டு, பில், ஸ்டாக் ரிப்போர்ட் வரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிரின்ட்டும் எடுத்துப் பாருங்கள். எங்கள் ஆர்டர் பிரின்ட்டில் இன்னும் ரேட் 0.34 என்றுதான் வருகிறது. பேனாவால் 25 சேர்த்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.