மனோரமாவை வீட்டிலிருந்தே பார்க்க: இலவசப் பதிவேற்றம், சந்தாச் சேவை, குறுந்தகடு - ஒரு மதிப்பீடு

பழைய தமிழ்ப் படங்களை வீட்டிலிருந்தபடியே பார்ப்பதற்கான வழிகள் பெருகிவிட்டன. சிவாஜியின் பெயரையோ எம்.ஜி.ஆரின் பெயரையோ தட்டினால் படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆனால் ஒரு சேவையின் தரத்தைக் கதாநாயகர்களை வைத்துச் சோதிப்பதில் பயன் குறைவு. அதற்குச் சரியான உரைகல், 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் அறிமுகமாகி, 2010இல் வந்த ‘சிங்கம்’ படத்திலும் முகம் காட்டியவரும், ஆயிரம் படங்களைக் கடந்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவருமான மனோரமாதான். அவர் இல்லாத பழைய படத் தொகுப்பு இல்லை. எனினும் அவரைத் தேடிப் போகிறவருக்கு அந்தத் தொகுப்புகள் எந்த அளவுக்கு உதவுகின்றன என்பதே இங்கே கேள்வி.

முதல் தடை தேடலிலேயே வந்துவிடுகிறது. மனோரமா என்று எழுதியவுடன் கேரளத்து நாளிதழின் செய்திக் காணொளிகள் வந்து விழுகின்றன. அவற்றைத் தாண்டினால் ‘சீதா அவுர் கீதா’வில் கொடுமைக்காரச் சித்தியாக வந்த இந்தி நடிகை மனோரமா நிற்கிறார், இருவரது படங்களையும் ஒரே பட்டியலில் கலந்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஆச்சி மனோரமா என்று தேடினால் நிலைமை சற்றுத் தெளிகிறது. அப்போதும் கிடைப்பவை பெரும்பாலும் முழுப் படங்கள் அல்ல, நகைச்சுவைத் துணுக்குகள்.

இந்தத் துணுக்குகளைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த மனக்குறை. உரிமையாளர்களே இலவசமாகப் பதிவேற்றியிருப்பதால் காசு போகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பார்ப்பவருக்குக் கிடைக்கும் மனோரமா பாதி மனோரமாவே. ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வேலைக்காரி கண்ணம்மா, கிஷ்மு நடித்த சம்பந்தியைச் சொல்லால் விளாசும் காட்சியை அறியாத தமிழர் குறைவு. விசு “கண்ணம்மா, கம்முனு கெட” என்று அடக்குவதுபோல் அடக்க, அவர் மேலும் மேலும் பொங்கும் அந்தக் காட்சி தனியாகப் பார்த்தாலும் சிரிக்க வைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு குடும்பம் காசுக் கணக்கில் உடைந்து, வீட்டின் நடுவே கோடு கிழிக்கப்பட்டு, மகளின் வாழ்வும் தொங்கலில் நிற்பதை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டு வந்தவருக்கு, அந்த வீட்டில் சம்பளம் வாங்கும் ஒருத்தி உறவுக்காரர்களை விடவும் அதிக உரிமையோடு வாயைத் திறக்கும் தருணம் அது. துணுக்காக வெட்டும்போது சிரிப்பு மிஞ்சுகிறது, அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கும் பதற்றம் போய்விடுகிறது. வெட்டுகிறவர்கள் வசனம் முடிந்த கணமே கத்தரியைப் போட்டுவிடுகிறார்கள் என்பது இன்னொரு குறை. மனோரமாவின் நடிப்பில் முக்கியமான பகுதி பல வேளைகளில் வசனம் முடிந்த பிறகு, எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் முகத்தில் ஓடுவதுதான்.

முழுப் படமாகப் பார்ப்பதற்குச் சந்தாச் சேவைகள் மேல் என்பதில் ஐயமில்லை. அவற்றில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், தயங்காமல் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்பேன். சிவாஜிக்காகவும் பத்மினிக்காகவும், எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரத்துக்காகவும் பார்க்கும் படம்தான் அது. ஆனால் மனோரமாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அதில் வேறொரு படம் தெரியும். மன்னார்குடியில் 1937இல் கோபிசாந்தாவாகப் பிறந்து, தந்தையின் துணையின்றித் தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்து, படிப்பை ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, பன்னிரண்டு வயதில் மேடையேறியவர் அவர். மனோரமா என்ற பெயரே நாடகத்தார் சூட்டியது. வைரம் நாடக சபாவில் நடித்தார், பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகமன்றத்தில் கலைஞர் கருணாநிதி எழுதிய ‘மணிமகுடம்’ போன்ற நாடகங்களில் நடித்துப் பெயர் வாங்கினார். அந்த மேடை ஆண்டுகளை எந்தச் சேவையிலும் நாம் பார்க்க முடியாது, ஏனெனில் அவற்றைப் படம் பிடித்தவர் இல்லை.

அந்த இல்லாமையை ஓரளவு ஈடு செய்வது 1968இல் வந்த இந்தப் படத்தின் ஜில் ஜில் ரமாமணிதான். ஊர் ஊராகக் கொட்டகை போடும் நாடகக் கம்பெனியின் நட்சத்திரமாக அவர் வருகிறார். இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் சிறுவயதில், சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர் என்பதால், ரமாமணியைக் கேலிப் பொருளாக மட்டும் விட்டுவிடவில்லை. கூச்சலும் குழைவுமான பேச்சு, தன் புகழைத் தானே பறைசாற்றிக்கொள்ளும் வெகுளித்தனம், அதே நேரத்தில் ஒரு பெரிய நாகசுரக் கலைஞன் முன் அடங்கி நிற்கத் தெரிந்த மரியாதை ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதை மேடைக்காரி ஒருத்தியால்தான் அவ்வளவு இயல்பாகக் காட்ட முடியும். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரைப் படித்தவர்களுக்கும் இன்று ரமாமணி என்றால் மனோரமாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தப் படத்தை நான் ஒரு சந்தாச் சேவையிலும் இலவசப் பதிவேற்றம் ஒன்றிலும் பார்த்தேன். சேவையில் வண்ணங்கள் நன்றாக இருந்தன. ஈஸ்ட்மென் கலர் படங்களுக்கு வயதானால் வந்துவிடும் செம்மை படிந்த சாயல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அகலத் தொலைக்காட்சித் திரையை நிரப்ப வேண்டும் என்பதற்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். நாட்டியப் படத்தில் ஆடுபவரின் பாதம் தெரியாமல் போனால் என்ன பார்க்கிறோம் என்று கேட்கத் தோன்றியது. ‘பாண்டியன் நானிருக்க’ பாடலில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்கு மனோரமா மேடையில் ஆடும் ஆட்டத்திலும் இதே கதிதான்: இடுப்புக்குக் கீழே பல இடங்களில் காணோம். இலவசப் பதிவேற்றத்தில் சட்டகம் முழுமையாக இருந்தது. பதிலுக்கு நிறம் வெளுத்து, இடையிடையே விளம்பரம் புகுந்து, ஒலி கரகரத்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வெளுத்ததையே எடுப்பேன். வெளுத்த நிறத்துக்குக் கண் பழகிக்கொள்ளும். வெட்டியெறிந்த காலை எதைக் கொண்டு நிரப்புவது?

திரையின் அடியில் ஓடும் வசன வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனோரமாவின் தனிச்சொத்து வட்டார வழக்கு. செட்டிநாட்டுப் பேச்சு, சென்னைச் சேரி வழக்கு, அக்கிரகாரத்து மாமியின் பேச்சு, கொங்கு நாட்டு ஆத்தாவின் இழுவை என்று படத்துக்குப் படம் நாக்கை மாற்றிக்கொண்டவர். இயந்திரம் தானே எழுதும் வசன வரிகள் இந்தப் பேச்சுக்கு முன் கையைத் தூக்கிவிடுகின்றன. ‘பொம்மலாட்டம்’ படத்தின் சென்னைத் தமிழ் வசனங்களுக்கு அவை தரும் எழுத்து வடிவத்தைப் படித்தால், படத்தில் இல்லாத நகைச்சுவை ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்திருக்கும் படங்களில் பொருள் வந்துவிடுகிறது, மணம் வருவதில்லை. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்ட விரும்புவோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

குறுந்தகடுகளுக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. மூன்று படங்களை ஒரே தகட்டில் திணித்து மலிவு விலைக்கு விற்பவற்றை வாங்காதீர்கள்; இடம் போதாமல் படத்தின் தரத்தைக் குறைத்திருப்பார்கள், பாடல்களும் காணாமல் போயிருக்கும். ஒரு தகட்டில் ஒரு படம் என்று முறையாக வெளிவந்த பழைய பதிப்புகள் எங்கேனும் கிடைத்தால் வாங்கி வைக்கலாம். சேவைகளில் இன்று இருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்ததும் மறைந்துவிடும், அலமாரியில் இருப்பது மறையாது.

சந்தாச் சேவைகளின் மிகப் பெரிய குறை அவற்றின் பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறது. மனோரமா என்றால் நாகேஷோடும் சோவோடும் சேர்ந்து சிரிக்க வைத்தவர் என்ற ஒற்றைக் கணக்கில் நகைச்சுவைப் பகுதிக்குள் அவரை அடைத்துவிடுகிறார்கள். 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் அவர் கதாநாயகியாக நடித்திருக்கிறார் என்பதை நினைவூட்டும் பட்டியல் எதையும் நான் பார்க்கவில்லை. தேசிய விருது அவருக்கு வந்தது நகைச்சுவைக்காக அல்ல, பார்த்திபன் முதன்முதலாக இயக்கிய ‘புதிய பாதை’யில் (1989) ஏற்ற துணை வேடத்துக்காக. அந்தப் படத்தை அவர் பெயரில் எந்தச் சேவையும் முன்னால் வைப்பதில்லை. இயக்குநர் பெயரில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ‘சின்னத் தம்பி’யில் வெள்ளைச் சேலை கட்டிய தாயாகவும், ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் எத்துப்பல் வைத்துக்கொண்டு விஜயகாந்தின் ஆத்தாவாகவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவர் அவர். இந்த இரண்டையும், அவற்றுக்குச் சற்று முன் வந்த ‘நடிகன்’ படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். முதிர்ந்த வயதில் காதல் வயப்படும் ஒரு பணக்கார அம்மாளை ‘நடிகன்’ படத்தில் விரசமில்லாமல் செய்திருப்பார். கொஞ்சம் தவறினால் அருவருப்பாகியிருக்கக்கூடிய வேடம் அது. மூன்று வேடங்களிலும் இருப்பவர் ஒரே ஆள் என்பதை நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். இது என் சொந்த ரசனை. சோவோடு அவர் நடித்த படங்களே உச்சம் என்று வாதிடுவோரும் என் நண்பர்களில் உண்டு.

பாடல் சேவைகளில் ஒருவகையில் நிலைமை நன்றாக இருக்கிறது. பாடகர் பெயரைக் கொண்டு தேட முடிவதால், பிறர் குரலுக்கு வாயசைத்த பாடல்களிலிருந்து அவர் தம் குரலிலேயே பாடியவற்றைப் பிரித்தெடுக்கலாம். வி. குமார் இசையில் ‘பொம்மலாட்டம்’ படத்தின் ‘வா வாத்யாரே ஊட்டாண்ட’, ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ படத்தில் ‘டெல்லிக்கு ராஜானாலும்’, ஏ.ஆர். ரகுமான் இசையில் ‘மே மாதம்’ படத்துக்காக ஸ்வர்ணலதா, ஷாகுல் ஹமீது, சிறுவன் ஜி.வி. பிரகாஷ் ஆகியோரோடு பாடிய ‘மெட்ராச சுத்திப் பாக்கப் போறேன்’ ஆகிய மூன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. முதல் பாடலுக்கும் கடைசிப் பாடலுக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள். சென்னைத் தமிழின் அதே நெளிவு இரண்டிலும் இருக்கிறது, குரல் மட்டும் கனத்திருக்கிறது. படங்களுக்குச் சந்தா கட்டலாமா என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் முதலில் இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, பிறகு ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கலாம், சட்டகம் வெட்டப்படாத பிரதிதானா என்பதை முதல் சில நிமிடங்களிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.