'பிம்' என்ற தந்தை: ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் போர்க்கால ஆவணம் என்றே பலரும் வாங்குகிறார்கள். ஒரு மகள் தன் தந்தையை எவ்வளவு நேசித்தாள், எந்த இடத்தில் அவரிடமிருந்து விலகினாள் என்பதை அறியவும் இதைப் படிக்க வேண்டும் என்பேன்.

1942 ஜூன் 12 அன்று, 13ஆம் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த ஏட்டில் எழுதத் தொடங்குகிறாள். அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில், தந்தை ஓட்டோவின் அலுவலகப் பின்கட்டில் குடும்பம் ஒளிந்துகொள்கிறது. அவரை அவள் 'பிம்' என்று செல்லமாக அழைத்தாள். விமானங்களும் பீரங்கிகளும் முழங்கும் இரவுகளில் அவர் படுக்கையில் போய் ஒண்டிக்கொள்கிறாள். ஓர் இரவு, தன்னுடன் பிரார்த்தனை செய்ய வந்த தாயை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தந்தைக்காகக் காத்திருக்கிறாள். தாயின் மனம் புண்பட்டதையும் அவள் மறைக்கவில்லை.

என்னை மிகவும் உலுக்கியவை 1944 மே மாதப் பக்கங்கள். அங்கேயே ஒளிந்திருந்த மற்றொரு குடும்பத்தின் மகன் பீட்டருடனான நட்பைத் தந்தை கண்டிக்க, இனி என் செயல்களுக்கு நான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற பொருளில் கடுமையான கடிதம் ஒன்றை அவரிடம் கொடுக்கிறாள். அவர் கலங்கிப்போகிறார், சில நாள்களிலேயே அவள் வெட்கிக் குன்றித் தன்னையே கடிந்துகொள்கிறாள். பெண் பிள்ளையைப் பெற்றவர்களால் இப்பக்கங்களை எளிதில் கடந்துவிட முடியாது.

1947இல் வெளியான முதல் பதிப்பில், தாயைப் பற்றிய கடுமையான பகுதிகள் சிலவற்றை ஓட்டோ நீக்கியிருந்தார். ஆகவே, பிற்காலத்தில் வந்த விரிவான பதிப்பையே வாங்குங்கள். ஒளிந்திருந்து பின்னர் நாஜிகளிடம் பிடிபட்ட 8 பேரில் உயிர் தப்பியவர் ஓட்டோ ஒருவரே. ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிய அலுவலக ஊழியர் மீப் கீஸ் பாதுகாத்து 1945இல் ஒப்படைத்த நாட்குறிப்புத் தாள்களைப் படித்த பிறகே, மகளின் உள்மனம் அவருக்குத் தெரியவந்தது.