கியர்பாக்ஸை இறக்காமலே ரியர் சீல் மாற்றியதாகப் பில் போடுகிறார்கள்: டர்பன் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், ஐசிபிங்கோ பக்கம் பழைய டொயோட்டா டாஸ், கான்குவெஸ்ட், கொரோல்லா ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைக் கராஜில் விடுங்கள். கிராங்க்ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு, கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ரியர் சீல்; கியர்பாக்ஸை இறக்கினால்தான் அது கைக்கு எட்டும். அதை மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி 4,300 ரேண்ட் வாங்கியிருக்கிறார்கள். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஒழுகலை மறைக்க அவர்கள் செய்த காரியத்தால் நன்றாக இருந்த கிளட்ச்சும் கெட்டுப்போனது.

எங்கள் வண்டி 1.3 டொயோட்டா டாஸ். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே, இரவு நிறுத்தினால் காலையில் ஐந்து ரேண்ட் நாணய அளவுக்கு எண்ணெய்த் திட்டு. கராஜில் பார்த்தவுடனே ரியர் மெயின் சீல் (அதே பின்பக்கச் சீல்தான்) என்றார்கள். பில் இப்படி: சீல் 450, கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றக் கூலி 3,200, கிளட்ச் பரிசோதனை 300, கழுவிச் சுத்தம் செய்து சீலன்ட் போட 350. "பாக்ஸ் இறக்கியாச்சு, சீல் மாத்தியாச்சு அண்ணே, இனி ஒரு சொட்டு விழாது" என்று சாவியைக் கொடுத்தார்கள். உண்மையில் மூன்று வாரம் ஒரு சொட்டும் விழவில்லை. அதற்குப் பிறகு பைன்டவுனிலிருந்து குளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் நாலாவது கியரில் மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் தேயும் கருகல் நெடி உள்ளே வந்தது.

வேறொரு கராஜில், கண்முன்னால் கியர்பாக்ஸை இறக்கியபோது தெரிந்தது இது. கிளட்ச்சை மூடி, கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் கூடு பெல் ஹவுசிங். அதன் அடியில் மெல்லிய தகரத் தட்டு ஒன்று இருக்கிறது. அந்தத் தட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. சீல் ஒழுகினாலும் எண்ணெய் கிளட்ச் பக்கம் தேங்காமல் வெளியே சொட்டிவிட அந்த இடைவெளிதான் வழி. அதை முழுக்க கறுப்பு சிலிகான் வைத்து அடைத்திருந்தார்கள். சொட்டு நின்றதற்குக் காரணம் அதுதான். எண்ணெய் உள்ளேயே தேங்க, கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் அதை வாரி கிளட்ச் தட்டின் மேல் அடித்துவிட்டது. லைனிங்கில் பாதிக்கு மேல் இன்னும் மீதி இருந்தது, ஆனால் எண்ணெய் ஊறிய லைனிங்கைக் காயவைத்தோ பெட்ரோலில் கழுவியோ காப்பாற்ற முடியாது. சூடேறினால் உள்ளே ஊறியது திரும்பக் கசியும். சீல், கிளட்ச் செட், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாவது செலவு 5,900 ரேண்ட்.

பழைய சீலோ வைத்த இடத்திலேயே இருந்தது. ரப்பர் உதடு மாட்டுக்கொம்பு மாதிரி இறுகி, நகத்தால் அழுத்தினால் வளையாமல் சின்னச் சின்னத் துண்டாக உடைந்தது. நல்ல சீலின் உதடு விரலால் தள்ளினால் மடங்கி, விட்டவுடனே பழைய வடிவத்துக்கு வரும். அந்த உதட்டின் பின்னால் சுற்றியிருக்கும் மெல்லிய ஸ்பிரிங்தான் அதைத் தண்டின் மேல் இறுக்கிப் பிடிக்கிறது. ரப்பர் இறுகிவிட்டால் ஸ்பிரிங் என்ன அழுத்தினாலும் பயனில்லை.

அப்படியானால் முதல் கராஜ்காரர்கள் பழைய சீல் என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தது எது? ஸ்கேல் வைத்து அளந்தபோது உள்விட்டம் 40 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. இதை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் ஃப்ளைவீலைப் பூட்டும் போல்ட்டுகள் ஒரு வட்டமாக ஏற வேண்டும், அதனால் அந்த முனை அகலமானது. நாலு சிலிண்டர் கார் எஞ்சின்களில் பின் சீலின் உள்விட்டம் பெரும்பாலும் 70 முதல் 90 மில்லிமீட்டர், ஏறக்குறைய உள்ளங்கையளவு. முன்பக்கச் சீல் 30லிருந்து 45க்குள் அடங்கிவிடும். டீ கிளாஸ் அடிவட்டத்தை விடச் சின்னதாக ஒன்றைக் கொடுத்து ரியர் சீல் என்றால் அது வேறொரு வண்டியின் முன் சீல், அல்லது கேம்ஷாஃப்ட் சீல். சீலின் முகப்பில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கியதா என்பதை வண்டியே சொல்லும். முன்சக்கர ஓட்ட வண்டியில் பாக்ஸை இறக்க வேண்டுமென்றால் கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளான இரண்டு டிரைவ்ஷாஃப்டும் வெளியே வர வேண்டும். டிரைவ்ஷாஃப்ட் வந்தால் கியர் ஆயிலும் வடியும். ஆகவே பில்லில் இரண்டு லிட்டருக்குப் பக்கமாகக் கியர் ஆயில் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் பில்லில் ஒரு மில்லிகூட இல்லை, அதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். அடுத்து சக்கரத்து நடுவிலுள்ள பெரிய நட்டைப் பாருங்கள். டொயோட்டாவில் அதன் மேல் ஒரு தொப்பி, குறுக்கே ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் மடக்குக் கம்பி). வேலை நடந்திருந்தால் பின் புதிதாக, கம்பி நிறத்தில் பளிச்சென்று இருக்கும். துருவேறி மண்ணோடு ஒட்டிக்கிடந்தால் அந்த நட்டை யாரும் தொடவில்லை. பெல் ஹவுசிங்கைச் சுற்றியுள்ள போல்ட் தலைகளும் அப்படித்தான்: ஸ்பேனர் ஏறிய தலையின் முனைகளில் பெயின்டும் அழுக்கும் உரிந்திருக்கும். எங்கள் வண்டியில் மேல் போல்ட்டின் தலைக்குள் செம்மண் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது, அதன் மேல்தான் டிகிரீசர் (எண்ணெய் அழுக்கைக் கழுவும் திரவம்) ஓடியிருந்தது.

ஒழுகுவது ரியர் சீல் என்று ஒருவர் சொன்னவுடனே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த இடத்தில் சொட்டும் எண்ணெய் எங்கிருந்தும் வந்திருக்கலாம். எஞ்சின் மேல்மூடியான டாப்பெட் கவர் கேஸ்கெட்டின் பின் மூலை, டிஸ்ட்ரிப்யூட்டரின் ஓ-ரிங், ஆயில் பிரஷர் சுவிட்ச் என்று எது கசிந்தாலும் எஞ்சின் முதுகு வழியே இறங்கி இதே பெல் ஹவுசிங் அடியில்தான் வந்து சேரும். இவை மூன்றும் கியர்பாக்ஸைத் தொடாமலே முடிகிற வேலை. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போனாலும் இதே இடத்தில்தான் சொட்டும். அதைப் பிரித்தறிய மூக்கு போதும்: கியர் ஆயிலில் கந்தக நெடி அடிக்கும், எஞ்சின் ஆயிலில் அது இராது. முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத்தின் மிக உயரமான இடம்தான் ஒழுகலின் மூலம். எண்ணெயில் யூவி சாயம் கலந்து நீலவிளக்கில் பார்த்தால் இன்னும் துல்லியம்.

சீல் ஏன் போனது என்று கேட்காமல் புதுசு போடுவதும் அரைவேலைதான். எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கும் வாயு பிசிவி என்ற சின்ன ஒருவழி வால்வு வழியாக, எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக்குக்குப் போக வேண்டும். அந்த வால்வோ குழாயோ கரி பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியே எண்ணெயைத் தள்ளும். புதுச் சீலும் சில மாதத்தில் அதே கதிக்கு ஆளாகும். வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சின் மெல்ல ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை அந்தத் துளையின் மேல் மூடிப் பிடியுங்கள். பை லேசாக உள்ளே இழுபட்டால் சரி. பலூன் மாதிரி உப்பினால் பிசிவியைக் கழற்றி உலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வராவிட்டால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. மாற்றியும் பை உப்பினால் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன, அப்போது சீல் மாற்றுவதில் காசு போடும் முன் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, கிராங்க்கின் முன்பின் அசைவு. ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, இன்னொருவர் முன்பக்கப் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்பின் நகர்ந்தால், தண்டை அந்தத் திசையில் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. சரியான அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதைவிட மிக அதிகமாக ஆடும் தண்டில் சீல் நெடுநாள் நிற்காது.

பாக்ஸ் இறங்கிய பிறகு சரியான வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் நின்று பார்க்க உதவும். பழைய சீலை ஸ்குரூடிரைவரால் நெம்பும்போது முனை தண்டில் பட்டால் போச்சு. முடி அளவு கீறல்கூட எண்ணெய்க்கு வாய்க்கால். முனையில் டேப் சுற்றி நெம்புவார்கள், அல்லது சீலின் தகரத்தில் மட்டும் சின்னத் துளையிட்டு ஸ்குரூ ஏற்றி இழுப்பார்கள். எடுத்த பிறகு தண்டில் உதடு ஓடிய வளையத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அதே இடத்தில் புதுச் சீல் உட்கார்ந்தால் முதல் நாளே கசியும். எண்ணெய் திரும்பும் துளை மறையாத அளவுக்குச் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் நகர்த்தி வைக்கலாம். பள்ளம் ஆழமென்றால் தண்டின் மேல் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். எஸ்கேஎஃப் ஸ்பீடி-ஸ்லீவின் சுவர் 0.28 மில்லிமீட்டர்தான், அதனால் சீலின் அளவை மாற்றத் தேவையில்லை.

ரப்பர் உதடு என்றால் எண்ணெயோ கிரீஸோ தடவிப் பொருத்த வேண்டும், ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். டெஃப்லான் உதடு என்றால் நேர்மாறு: ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாது, தண்டும் உதடும் காய்ந்திருக்க வேண்டும். கூடவே வரும் பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தி முடியும்வரை கழற்றவும் கூடாது. வோக்ஸ்வாகன் எஞ்சின்கள் பலவற்றில் இந்த வகைதான், இது தெரியாமல் பழக்கத்தில் கிரீஸ் தடவிக் கெடுக்கிறவர்கள் உண்டு. சுத்தியலை நேரடியாகச் சீல் மேல் அடிக்கக் கூடாது. சரியான விட்டத்தில் குழாயோ பலகையோ வைத்துச் சுற்றிச்சுற்றித் தட்டி, நாலு பக்கமும் ஒரே ஆழத்தில் இறக்க வேண்டும். கோணலாக நின்றால் உதடு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும்.

டொயோட்டாவில் சீல் ஓர் அலுமினிய ரிடெய்னருக்குள் (எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டிருக்கும் தாங்கி) இருக்கிறது. ரிடெய்னருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள இணைப்பும் கசியும், அதையும் அப்போதே பார்க்க வேண்டும். ஃப்ளைவீல் போல்ட்டுகளின் மரைக்குச் சீலன்ட் தடவச் சொல்லுங்கள், சில எஞ்சின்களில் அந்தத் துளைகள் எண்ணெய் இருக்கும் பக்கம் வரை ஊடுருவுகின்றன. புதுச் சீல் போட்டும் ஒழுகுகிறது என்று புலம்புகிற பலருக்கு எண்ணெய் வருவது இந்த மரை வழியாகத்தான். இறுக்கும் அளவு அந்தந்த எஞ்சினின் மேனுவலில் இருப்பதுதான். கையளவு கணக்கு இங்கே செல்லாது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68. அதன் 15ஆம் பிரிவுப்படி மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் பழுதுக்கூலி கேட்க முடியாது. 67ஆம் பிரிவுப்படி கழற்றிய பழைய பாகத்தைத் தனியாக வைத்து உங்களிடம் திருப்பித் தர வேண்டும், நீங்களே வேண்டாம் என்றால் ஒழிய. 57ஆம் பிரிவுப்படி புதிதாகப் போட்ட பாகத்துக்கும் அதைப் போட்ட கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு, பில்லில் எழுதாவிட்டாலும் உண்டு. முதலில் கராஜுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் சரி. பதில் இல்லாவிட்டால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. பில், இரண்டாவது கராஜின் எழுத்து அறிக்கை, படங்கள் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு எதை வைத்து வாதாடுவது என்பதே சிக்கல்.

வண்டியை விடுவதற்கு முன் இரண்டு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. வெள்ளை நெயில் பாலிஷோ பெயின்டோ எடுத்து, கைக்கு எட்டுகிற இரண்டு பெல் ஹவுசிங் போல்ட்டுகளில் தலையிலிருந்து ஹவுசிங் மேல் வரை குறுக்காக ஒரு கோடு போடுங்கள். தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது பணத்தை எடுக்கும் முன் டார்ச் அடித்து அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.