ஸ்லீப் டெக்னாலஜிஸ்ட் கோர்ஸ் என்று சொல்லி 85,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள். சேரப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம் அந்தப் பயிற்சி மையத்திலிருந்து "ரீஃபண்ட் பாலிசி கிடையாது ப்ரோ" என்று ஒரு வரி வந்தது. பதில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பிளாக் செய்துவிட்டார்கள். 85,000 ரூபாய். அம்மாவின் செயினை அடகு வைத்துக் கட்டிய பணம்.

பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. சென்னையில் இருக்கிறது. கீழே சிபேப் மெஷினும் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தருவது) மாஸ்க்கும் விற்கிற கடை, மாடியில் வகுப்பு. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இசிஜி டெக்னீஷியனாக இருந்தேன். குறட்டை, மூச்சுத்திணறல் என்று வருகிறவர்களை ஸ்லீப் ஸ்டடிக்கு, அதாவது ராத்திரி தூங்கும்போது மூளை அலை, மூச்சு எல்லாவற்றையும் பதிவு செய்கிற டெஸ்ட்டுக்கு, அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்கிறவர்தான் ஸ்லீப் டெக்னாலஜிஸ்ட். இந்த வேலைக்கு ஆள் குறைவு, படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். அதோடு, 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தின் பட்டியலில் ஸ்லீப் லேப் டெக்னாலஜிஸ்ட் என்றே போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து மேசையில் வைத்திருந்தார் கவுன்சலிங் சார். "கவர்மென்ட்டே ஏத்துக்கிச்சு தம்பி, இனிமே சர்டிஃபிகேட் இல்லாம உள்ளேயே விட மாட்டாங்க." பட்டியலில் தொழிலின் பெயர்தான் இருக்கிறது. இவர்கள் மையத்தின் பெயர் எங்கேயும் இல்லை.

அதைவிட என்னை விழவைத்தது டெமோ கிளாஸ். என்னையே நாற்காலியில் உட்காரவைத்து, தோலை ஜெல் போட்டுத் தேய்த்து, பின்மண்டையில் பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடு ஒட்டினார்கள். எதிரே மானிட்டர். "கண்ணை மூடுங்க தம்பி" என்றார். பத்து செகண்ட் கழித்துத் திறக்கச் சொல்லி, அந்த இடத்தைப் பின்னால் நகர்த்திக் காட்டினார். அதுவரை தாறுமாறாகக் கிடந்த கோடு, நான் கண்ணை மூடியதும் சீப்புப் பல் மாதிரி வரிசையாக எழும்பியிருந்தது. ஆல்ஃபா அலை, செகண்டுக்கு 8 முதல் 13 வரை. கண்ணைத் திறந்த இடத்தில் போய்விட்டது. என் மூளையை என் கண்ணாலேயே காட்டிவிட்டு, "இந்த மெஷின்லதான் மூணு மாசமும் பிராக்டிகல்" என்றார். ஒரே தவணையில் கட்டினால் 85,000, இல்லையென்றால் 1 லட்சம். மறுநாளே கட்டினேன்.

சேர்ந்த பிறகு அந்த மெஷினை நான் பார்க்கவே இல்லை. "சர்வீஸுக்குப் போயிருக்கு" என்றார்கள். மூன்று மாதமும் ஸ்லைடு, இடையில் யாரோ வெளிநாட்டுக்காரர் போட்ட யூடியூப் வீடியோ. என்1, என்2, என்3, ஆர் என்று தூக்கத்தின் நிலைகளை மனப்பாடம் செய்தோம் (ஆர் என்பது கண் வேகமாக அசைகிற கனவுத் தூக்கம்). எலக்ட்ரோடு ஒட்டும் இடத்தைக் குறிக்க ஒரு தலையைக் கூட அளக்கவில்லை.

அடுத்தது "கிளினிக்கல் போஸ்டிங்". இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பைக் வைத்திருக்கிற மாணவர்களிடம் ஒரு பையைக் கொடுத்து பேஷண்ட் வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே வீட்டில் செய்கிற ஸ்லீப் டெஸ்ட் கருவி: மூக்குக் குழாய், மார்பு பெல்ட், விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர். அதில் மூளை அலையே பதிவாகாது. பேஷண்ட் தூங்கினாரா, விழித்துக் கிடந்தாரா என்றுகூட அதை வைத்து ஸ்கோர் பண்ண முடியாது. மூச்சை மட்டும் பார்க்கும். மாட்டிவிட்டு வரணும், காலையில் போய் வாங்கி வரணும், ரிப்போர்ட் வந்ததும் கீழ்க்கடையில் சிபேப் வாங்கச் சொல்லி போன் செய்யணும். பெட்ரோல் நம் காசு. 85,000 ரூபாயையும் கொடுத்துவிட்டு அவர்கள் கடைக்குச் சம்பளம் இல்லாத டெலிவரி பாயாக இருந்திருக்கிறேன்.

சான்றிதழ் மட்டும் தங்க பார்டரோடு, "இன்டர்நேஷனல்" என்று போட்டுக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஸ்லீப் லேபுக்கு இன்டர்வியூ போனேன். அங்கிருந்த சீனியர் அக்கா கையில் டேப்பையும் சிவப்பு பென்சிலையும் கொடுத்து, "சி4 எங்க வரும், மார்க் பண்ணுங்க தம்பி" என்றார். தலையில் எலக்ட்ரோடு ஒட்டுகிற ஒரு இடத்தின் பெயர் அது. டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரி என்று ஸ்கிரீனில் ஒரு 30 செகண்ட் பக்கத்தைக் காட்டினார். என்2 என்றேன். "தாடை கோடு படுத்துக் கிடக்கு, கண்ணு கோடு ரெண்டும் எதிரெதிரா துடிக்குது, ஆர் இது" என்றார். சர்டிஃபிகேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சுக்கிட்டு வந்த மூணாவது ஆள் நீங்க" என்றார். நல்ல மனுஷி, அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். எட்டு மணி நேரத் தூக்கம் என்றால் இப்படி 30 செகண்ட் பக்கம் 960, ஒவ்வொன்றையும் பார்த்து ஸ்டேஜ் போடணும். சிபேப் பிரஷரை 4 செ.மீ. (நீர் அழுத்த அளவு) என்று தொடங்கி, குறைந்தது 5 நிமிடம் விட்டு விட்டு ஒவ்வொன்றாக ஏற்றணும். ராத்திரி முழுக்க ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றால்தான் வரும் என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது ஆரம்பித்தது அடுத்த கூத்து. "சார் மீட்டிங்ல இருக்கார்." "லேப் டை-அப் பிராசஸ்ல இருக்கு." "அடுத்த பேட்ச்ல ஃப்ரீயா உட்காருங்க." காசு கட்டும்வரை தம்பியாக இருந்தவன், கேட்க ஆரம்பித்ததும் ப்ரோ ஆகிவிட்டேன். ரசீதை எடுத்துப் பார்த்தால் 85,000-க்கு "ஸ்டடி மெட்டீரியல் சார்ஜஸ்" என்று இருக்கிறது. ஸ்டடி மெட்டீரியல் என்பது ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ்.

சேரப் போகிறவர்கள் படியுங்கள் என்று தலைப்பு போட்டதால் கொஞ்சம் சொல்கிறேன், விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. பணம் கட்டுவதற்கு முன் எந்த ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி டூட்டி என்று எழுத்தில் கேளுங்கள், அந்த ஆஸ்பத்திரிக்கே நேரில் போய் விசாரியுங்கள். ஆர்.பி.எஸ்.ஜி.டி. (ஸ்லீப் டெக்னாலஜிஸ்ட்டுக்கான வெளிநாட்டுச் சான்றிதழ்) வாங்கித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள். அது அமெரிக்காவின் பி.ஆர்.பி.டி. என்ற சான்றிதழ் அமைப்பு நடத்துகிற தேர்வு, அதற்கு பேஷண்ட்டுகளோடு வேலை பார்த்த கணக்கு காட்டணும், மாடி வகுப்பு கணக்கில் வராது. ரசீதில் "கோர்ஸ் ஃபீஸ்" என்று இல்லாவிட்டால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். மெஷின் விற்கிற கடைக்காரரே வாத்தியாராக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அதே பேட்ச்சில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ரசீதையும் வாட்ஸ்அப் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள், எனக்கு உடனே மெசேஜ் போடுங்கள். சேர்ந்தே மனு போடலாம்.