தேனின் ஈரப்பதம் பார்க்கும் கைக்கருவி: ஒரு ரப்பர் பருவத்துக்குப் பின்

தேனில் எத்தனை விழுக்காடு நீர் இருக்கிறது என்று பார்க்காமலேயே புட்டியில் அடைத்து விற்பனைக்கு அனுப்புவது, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை, துணிந்து செய்யக்கூடிய காரியம் அல்ல. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் எடுக்கப்படுவதில் பெரும்பகுதி ரப்பர் தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் காலத்தில், காம்பில் மூன்று சிற்றிலைகளும் கூடும் இடத்தில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்கின்றன. வரத்து மிகும்போது தேன் அறை மளமளவென்று நிறைந்துவிடும். அடைகளுக்கு மெழுகு மூடி விழும் முன்பே எடுத்துவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். அப்படி நீர் வற்றும் முன் அவசரப்பட்டு எடுத்த தேன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சில வாரங்கள் கழித்துப் புட்டிக்குள் நுரை கட்டி, மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடிக்கும்போதுதான் உண்மை தெரியவரும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தேனில் நீர் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 17.1 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எவ்வளவு ஈஸ்ட் இருந்தாலும் தேன் புளிப்பதில்லை. நம் பெட்டித் தேனீக்களின் தேன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு நிற்பதும், சில வேளைகளில் மேல் எல்லையையே தாண்டிவிடுவதும் வழக்கம் என்பதால், கண்மதிப்பீடு இங்கே போதாது.

நான் வாங்கிப் பயன்படுத்திவருவது, இணையக் கடைகளில் பல பெயர்களில் கிடைக்கும், மூன்று அளவுகோல்கள் கொண்ட கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது ஒளி விலகும் அளவைக் கொண்டு நீரைக் கணிக்கும் கருவி. விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. முப்பட்டகக் கண்ணாடியின் மேல் ஒரு துளி தேனை வைத்து, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு அளவைக் காட்டுகிறது. பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) 58 முதல் 90 வரை, போமே (அடர்த்தி அளவு) 38 முதல் 43 வரை, நீர் 12 முதல் 27 விழுக்காடு வரை என மூன்று கோல்கள் அருகருகே இருக்கின்றன. இவற்றுள் நீர் அளவுகோலை மட்டுமே பார்க்க வேண்டும். பிரிக்ஸ் அளவை நூறிலிருந்து கழித்து அதையே ஈரப்பதமாகக் கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது தவறு. பிரிக்ஸ் 80 காட்டும் தேனில் நீர் 20 அல்ல, ஏறத்தாழ 18.5 விழுக்காடுதான். பிரிக்ஸ் என்பது கரும்புச் சர்க்கரைக் கரைசலுக்கென வகுக்கப்பட்ட அளவு. தேனில் இருப்பதோ பெரும்பாலும் பழச்சர்க்கரையும் குளுக்கோஸும்.

கருவியின் துல்லியம் முழுவதும் அதைச் சரிப்படுத்துவதில்தான் அடங்கியிருக்கிறது. அளவுகோல் பிரிக்ஸ் 58-இல் தொடங்குவதால், மற்ற ரிஃப்ராக்டோமீட்டர்களைப் போல வாலைவடிநீரை வைத்துச் சரிபார்க்க முடியாது. அதற்கென்றே பெட்டியில் ஒரு சிறு கண்ணாடிக் கட்டியும் எண்ணெய்க் குப்பியும் வருகின்றன. எண்ணெய் தீர்ந்துவிட்டால் நல்ல எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் ஒரு துளி உதவும். அது நீர் அளவுகோலில் 27-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். நான் வாங்கிய கருவி பெட்டியிலிருந்து எடுத்தபோதே ஒரு விழுக்காட்டுக்கு மேல் பிசகியிருந்தது. மேலே உள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்ய முடிந்தது என்றாலும், ஆங்கிலத்தில் நுண்ணெழுத்தில் அச்சிட்ட ஒரு துண்டுத்தாளை மட்டும் வைத்து இக்கருவியை விற்பது பெரிய குறை. இதைச் சரிப்படுத்த வேண்டும் என்றே அறியாமல் பயன்படுத்துவோர் பலர் இருப்பார்கள்.

அடுத்தது வெப்பநிலை. தேனின் சூடு கூடும்போது அதன் ஒளிவிலகல் எண் குறைகிறது. அதனால் கருவி உண்மையைவிடக் கூடுதலான நீரைக் காட்டும். ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடு வித்தியாசம் வரும். 20 பாகையை அடிப்படையாகக் கொண்ட அளவுகோலில், 32 பாகைச் சூட்டில் உள்ள தேனை அப்படியே பார்த்தால், 19 விழுக்காட்டுத் தேன் 20-க்கு மேல் காட்டி, நீரை வற்றவைக்கத் தேவையின்றிச் சூடேற்றப்படும் நிலை வந்துவிடும். சூடேற்றினால் ஹெச்எம்எஃப் (சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் பொருள்) கூடி, நொதிகள் அழிந்து, தேனின் தரமே குன்றிவிடுகிறது. தானியங்கி வெப்பத் திருத்தம் உண்டு என்று பெட்டியில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அது 10 முதல் 30 பாகை வரைதான். பங்குனி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்த எல்லை காலை பத்து மணிக்கே கடந்துவிடும். ஆகவே விடியற்காலையில் அளப்பதும், துளியை வைத்தபின் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பதும் நல்லது.

துளியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நின்ற தேனில் நீர் மிகுந்த பகுதி மேலே தங்கும் என்பதால், பாத்திரத்தை நன்கு கலக்கிய பிறகே எடுக்க வேண்டும். நுரையிலிருந்து எடுக்கக் கூடாது. உறைந்த தேனில் கோடு மங்கலாகி அளவே நம்பத் தகாததாகிவிடும். ரப்பர் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. எனவே எடுத்தவுடனேயே அளந்துவிடுவது சிறப்பு.

நீர் அளவுகோலில் கோடுகள் ஒரு விழுக்காட்டு இடைவெளியில் மட்டுமே இருப்பதால், அரை விழுக்காட்டைக் கண்ணால் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஐயத்துக்கு இடம் விட்டு, 19-ஐத் தாண்டினால் புட்டியில் அடைப்பதில்லை என்று நான் வரையறுத்துக்கொண்டேன். டிஜிட்டல் கருவிகள் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். விலையோ பல மடங்கு. ஆண்டுக்குச் சில நூறு கிலோ எடுப்பவருக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. கூட்டாகச் சேர்ந்து தேனைத் திரட்டி விற்கும் சங்கங்கள் அதை வாங்கத்தான் வேண்டும்.

இக்கருவி தேனின் தூய்மையைக் காட்டாது என்பதை வாங்குவோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இதில் 18 விழுக்காடு என்று காட்டித் தேறிவிடும். கலப்படத்தை ஆய்வுக்கூடத்தில்தான் கண்டறிய முடியும். கொசுத்தேன் (கொடுக்கில்லாச் சிறு தேனீக்களின் தேன்) எடுப்பவர்களும் இதை வாங்க வேண்டாம். அந்தத் தேனின் நீர் அளவு பெரும்பாலும் 25 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். பல வேளைகளில் இக்கருவியின் 27 என்ற எல்லையையும் கடந்துவிடும். அவர்கள் 30-க்கு மேலும் அளக்கும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும்.