மூட்டைப்பூச்சிக்கு மருந்தா, வெந்நீரா?

ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி வந்தால் எல்லோரும் முதலில் ஓடுவது கடைக்கு, ஸ்பிரே வாங்க. அடித்ததும் நாலு பூச்சி செத்து விழும், மனசுக்கு நிம்மதி, அவ்வளவுதான். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி ரசாயன வகை, பல ஊர்களில் பூச்சி அதற்கு எப்போதோ பழகிவிட்டது, முட்டையையும் அது சரியாகத் தொடாது, 6 முதல் 10 நாளில் குஞ்சு பொரித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அதைவிட மோசம், ஒரு அறையில் மட்டும் அடித்தால் தப்பிய பூச்சி சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்குக் குடிபோகும். (பழி மட்டும் புதிதாக வந்த பையன் மேல் விழும், பாவம்.)

சூடு வேறு கதை. 50 டிகிரியைத் தாண்டினால் முட்டையும் சேர்ந்து காலி. இரும்புக் கட்டிலின் மூலை, குழாய் ஓட்டை எல்லாவற்றிலும் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம், போர்வை, தலையணை உறையை 60 டிகிரியில் துவைக்கலாம். ஆனால் மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டால் போதும் என்று நம்பாதீர்கள், மேல்பக்கம் சுடும்போது பூச்சி கீழ்ப்பக்கம் போய் ஹாயாக இருக்கும். மரக்கட்டில் என்றால் ஆழமான இடுக்குக்குள் போவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். புத்தகம், ஸ்விட்ச் போர்டு பக்கமோ வெந்நீர் போகவே கூடாது.

என்னைக் கேட்டால் துணிக்கும் இரும்புக் கட்டிலுக்கும் சூடுதான். சுவர் இடுக்குக்கு மட்டும் மருந்து, அதையும் வார்டனிடம் சொல்லி ஆள் வரவழைத்து, எல்லா அறைகளுக்கும் ஒரே நாளில், 2 வாரம் கழித்து இன்னொரு முறை.