ஆறாம் வகுப்புக்கு எது: அரசு நடுநிலைப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா?

குமரி மாவட்டத்தில் சர்ச் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குப் பெரிய கட்டடம், பழைய பெயர் எல்லாம் உண்டு. பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளியில் பல இடங்களில் கூலிவேலைக்காரர், ரப்பர் பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அதிகம்.

தேர்ச்சி சதவீதத்தை வைத்து எடைபோடாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை இங்கே யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. எட்டாவதில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். தேறிய பிள்ளைக்குப் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இரு பள்ளியிலிருந்தும் எழுதலாம்.

அப்பாவும் அம்மாவும் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டால், பிள்ளை வெறும் வயிற்றோடுதான் முதல் பீரியடில் உட்காருகிறது. காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பசியில் குறையும் மதிப்பெண்ணுக்கு வாத்தியாரைக் குறை சொல்வது அநியாயம்.

பிள்ளைக்கு டாக்டர் ஆசை என்றால் கணக்கே வேறு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது.

என் ஓட்டு அரசுப் பள்ளிக்கே, கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனி ஆசிரியர் இருந்தால். சேர்க்கும் முன் நேரில் போய் அதை விசாரித்துவிடுங்கள்.